இடுக்கில் பிறக்கும் வடிவங்கள்

2004ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ரஸ்ஸலின் குழு ஒரு பாலிமரை உருக்கி அலுமினியம் ஆக்சைடுச் சவ்வு ஒன்றுக்குள் ஏற்றியது. அந்தச் சவ்வு முழுக்க நேராக இறங்கும் துளைகள். விட்டம் நானோமீட்டர்க் கணக்கில். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மண்ணெண்ணெய் திரியில் ஏறுகிற அதே நுண்புழை விசையால் பாலிமர் துளைகளை நிரப்பிக்கொண்டது. நீண்ட நேரம் சூட்டில் வைத்தபின், துளைக்குள் உருவான இழைகளைக் குறுக்கே மெல்லிதாகச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். திறந்த வெளியில் தட்டையான அடுக்குகளாக மட்டுமே அமையக்கூடிய பொருள் அது. துளைக்குள் அது ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகச் சுருண்டிருந்தது.

வேதியியல் அளவில் எதுவும் மாறவில்லை. மூலக்கூறு அதேதான், அதன் நீளமும் அதேதான். புதிதாக வந்தது ஒரு சுவர் மட்டுமே. அந்தச் சுவர் மூலக்கூறின் இயல்பான அளவோடு ஒப்பிடத்தக்க நெருக்கத்தில் இருந்தது. இந்த நெருக்கம் என்ன செய்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இத்துறையில் வெளிவந்த நூற்றுக்கணக்கான வடிவங்களையும் ஒரே கேள்வியால் படித்துவிடலாம் என்று நான் கருதுகிறேன். சுவரின் அளவும் மூலக்கூறின் அளவும் ஒத்துப்போகாதபோது, விட்டுக்கொடுப்பது எது?

முதலில் மூலக்கூறைப் பற்றி. வெவ்வேறு வேதித்தன்மை கொண்ட இரண்டு பாலிமர்த் தொடர்களை முனையோடு முனை இணைத்தால் கிடைப்பது பிளாக் கோபாலிமர். இத்துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு துண்டு பாலிஸ்டைரீன். நாம் தெர்மோகோல் என்று வாங்கும் வெள்ளை அட்டை இதை நுரைக்கவைத்துச் செய்ததே. மற்றத் துண்டு பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படும் அக்ரிலிக். இப்படி இணைக்கும் வழியைத் திறந்துவிட்டவர் போலந்தில் பிறந்த மைக்கேல் ஷ்வார்க். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் பணியாற்றிய அவர் 1956இல் ‘உயிருள்ள பாலிமர்’களைப் பற்றி எழுதினார். அதுவரை அறிந்த வினைகளில் வளரும் தொடரின் முனை எங்காவது மோதி அடங்கிவிடும். ஷ்வார்க்கின் வினையில், ஊட்டிய பொருள் தீர்ந்தபின்னும் முனை வினைத்திறனோடு காத்திருக்கும். வேறொரு பொருளை ஊட்டினால் அங்கிருந்தே வளர்ச்சி தொடரும். பத்தாண்டுக்குள் ஷெல் நிறுவனம் இவ்வழியில் செய்த ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செருப்பின் அடிப்பாகத்திலும் பசைகளிலும் இன்றும் அது இருக்கிறது.

இந்த இரு துண்டுகளும் கலக்க விரும்பாதவை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கலக்கும்போது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, பெருமளவு கூடும். சிறிய வேதிப் பகைமையை அது எளிதில் வென்றுவிடும். நூற்றுக்கணக்கான அலகுகள் கோத்த தொடரிலோ எல்லா அலகுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே மூலக்கூறாக நகர்கின்றன. எனவே கலப்பால் கிடைக்கும் என்ட்ரோபி அற்பம். பகைமையோ அலகுக்கு அலகு கூடிக்கொண்டே போகிறது. பாலிமர் வேதியியலாளர் பால் ஃபுளோரியின் காலத்திலிருந்து இப்பகைமையை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். இங்கே அதை விலக்க எண் என்போம். விலக்க எண்ணைத் தொடரின் மொத்த அலகு எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும் தொகையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரு துண்டுகளும் சம அளவில் இருக்கும் மூலக்கூறில் இத்தொகை 10.5ஐத் தாண்டினால் பிரிவு தொடங்கும் என்று 1980இல் லுத்விக் லைப்ளர் கணக்கிட்டார். ஸ்டைரீன்-மெத்தாக்ரிலேட் இணைக்கு, வழக்கமாகச் சூடேற்றும் 225 டிகிரி செல்சியஸ் வாக்கில், விலக்க எண் ஏறத்தாழ 0.036. ஆகவே தொடரில் 290 அலகுகளுக்குக் குறைவாக இருந்தால் பிரிவே நிகழாது.

எண்ணெயும் நீரும் பிரிந்தால் மேலொன்று கீழொன்றாக நின்றுவிடும். இங்கே அது முடியாது, ஏனெனில் இரு தரப்பையும் ஒரு வேதிப்பிணைப்பு கட்டிப்போட்டிருக்கிறது. பிரிந்தாலும் மூலக்கூறின் நீளத்துக்கு மேல் விலகிச் செல்ல வழியில்லை. அதனால் நிகழும் பிரிவு நானோமீட்டர் அளவிலேயே நின்று, ஓர் ஒழுங்கான அடுக்காகிறது. அந்த அடுக்கின் தடிமனை இரண்டு எதிர்விசைகள் நிர்ணயிக்கின்றன. இரு பொருள்களும் சந்திக்கும் எல்லைப் பரப்பு குறைய வேண்டுமானால் அடுக்குகள் தடிக்க வேண்டும். அடுக்குகள் தடித்தால் தொடர்கள் விறைத்து நீள வேண்டும், அதை என்ட்ரோபி எதிர்க்கிறது. இவ்விரண்டும் சமனாகும் இடத்தில் ஓர் இடைவெளி பிறக்கிறது. அது மூலக்கூறின் நீளத்தின் மூன்றில் இரண்டு என்ற அடுக்கேற்றத்தில் வளரும். அதாவது தொடரை இரு மடங்காக்கினால் இடைவெளி சுமார் 1.6 மடங்காகும். பெரும்பாலான பிளாக் கோபாலிமர்களில் அது 10 முதல் 100 நானோமீட்டருக்குள் விழுகிறது. இதை இயல்பு இடைவெளி என்று அழைப்போம். வெளியிலிருந்து யாரும் இதை வரைந்து கொடுக்கவில்லை. மூலக்கூறே தன் அளவுகோலைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கிறது.

துண்டுகள் சமமாக இருந்தால் தட்டை அடுக்குகள். ஒரு துண்டு சிறுத்துக்கொண்டே போனால், பெரிய துண்டுக்கு இடம் தர எல்லைப் பரப்பு வளைகிறது. சிறுபான்மைப் பொருள் முதலில் உருளைகளாகவும், மேலும் சிறுத்தால் கோளங்களாகவும் திரள்கிறது. அடுக்குக்கும் உருளைக்கும் நடுவே ஒரு குறுகிய எல்லையில் ஜைராய்டு என்ற வலைப்பின்னல் உண்டு. நாசாவில் பணியாற்றிய ஆலன் ஷோன் 1970இல் கணித வடிவமாக விவரித்த பரப்பு அது. 1994இல் பிளாக் கோபாலிமர்களில் அது அடையாளம் காணப்பட்டது. அடைப்பில்லாத வெளியில் இருதுண்டு மூலக்கூறுக்கு இருக்கும் வடிவங்கள் ஏறத்தாழ இவ்வளவே. சுவர் வந்தபின்தான் இந்தப் பட்டியல் உடைகிறது.

எளிய சுவர் தட்டையான தளம். சிலிக்கான் தகட்டின் மீது பாலிமர்க் கரைசலைச் சுழற்றிப் பூசினால் சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் கிடைக்கும். தகட்டின் ஆக்சைடுப் பரப்பு மெத்தாக்ரிலேட்டை விரும்பும். மேலே காற்றை நோக்கிய பக்கத்துக்கு ஸ்டைரீன் வரும். இரு விளிம்புகளிலும் வெவ்வேறு பொருள் நிற்க வேண்டும் என்பதால், மொத்தத் தடிமன் இயல்பு இடைவெளியின் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மடங்காகத்தான் இருக்க முடியும். நாம் பூசிய தடிமன் சரியாக மூன்று மடங்காக இருந்தால்? 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் அப்போதிருந்த ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் கவனமாக ஆராய்ந்தார்கள். சூடேற்றியதும் மேற்பரப்பு சமதளமாக நிற்க மறுத்துவிடுகிறது. சில பகுதிகள் தாழ்ந்து இரண்டரையாகின்றன, மற்றவை உயர்ந்து மூன்றரையாகின்றன. இடையே உள்ள படியின் உயரம் துல்லியமாக ஓர் இயல்பு இடைவெளி. தீவுகளும் குழிகளுமாகப் பிரிந்த அந்தப் படலத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே நிற வேறுபாடாகப் பார்க்கலாம். ஒளியால் தனியே பிரித்துக் காண முடியாத ஓர் அளவு, படியாக எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இங்கே விட்டுக்கொடுத்தது காற்றை நோக்கிய மேற்பரப்பு. அது நகரக்கூடியது என்பதால் நகர்ந்துகொண்டது.

அதற்கும் வழியில்லாமல் மேலே இன்னொரு கெட்டியான சுவரை வைத்தால் என்ன? கல்யாண வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கும்போது, கூடத்தின் அகலம் மூன்றரைப் பாய் என்றால் கடைசிப் பாயை மடித்துப் போடுவோம். பாலிமர் அடுக்கை அப்படி மடிக்க முடியாது. ஆனால் எல்லா அடுக்குகளும் சேர்ந்து கொஞ்சம் நீளலாம், அல்லது எல்லாம் சேர்ந்து கொஞ்சம் சுருங்கலாம். 1994இல் ரஸ்ஸல், ஆன் மேயஸ் உள்ளிட்ட குழு இரு கெட்டிப் பரப்புகளுக்கிடையே அடைத்த படலத்தை நியூட்ரான் கற்றையின் எதிரொளிப்பால் அளந்து இதையே கண்டது. இடைவெளி இயல்பிலிருந்து விலகியது. சுவர்களின் தூரம் கூடியபோது நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று ஓர் அடுக்கு கூடுதலாக நுழைந்ததும் குறைந்தது.

இந்தத் தாவல் எங்கே நிகழும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். தொடரை நீட்டும் செலவு இடைவெளியின் வர்க்கமாக உயரும். எல்லைப் பரப்பின் செலவு இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் குறையும். இரு சுவர்களும் ஒரே பொருளை விரும்புவதாகவும் கொள்வோம். சுவர்த் தூரம் இயல்பு இடைவெளியின் மூன்றரை மடங்கானால், மூன்று அடுக்குகளாக நீண்டு நிற்பதன் ஆற்றல் இயல்பைவிடச் சுமார் 2.5 சதவீதம் அதிகம். நான்கு அடுக்குகளாக நெருங்கி நிற்பதற்கு 1.7 சதவீதமே அதிகம். ஆகவே நான்கு வெல்லும். உண்மையான மாற்றம் நடுப்புள்ளிக்குச் சற்று முன்பே, 3.45 மடங்கில் நடந்துவிடுகிறது. பத்து அடுக்குகள் கொண்ட தடித்த படலத்தில் ஒவ்வோர் அடுக்கும் 5 சதவீதத்துக்கும் குறைவாக நீண்டாலே எந்த அளவுக்கும் ஈடுகொடுத்துவிடலாம். ஒரே ஓர் அடுக்கு மட்டும் இருக்கும் இடுக்கிலோ, இரண்டாவது அடுக்கு நுழைவதற்குமுன் அது 39 சதவீதம் வரை நீள வேண்டியிருக்கும். நானோ அளவில் அடைப்பது வேறு விதமான அடைப்பாவது இதனால்தான். பெரிய பெட்டியில் பொருந்தாமை எல்லோருக்கும் பங்கிடப்பட்டு மறைந்துபோகும். சிறிய பெட்டியில் பங்கிட ஆளில்லை.

39 சதவீதம் நீள்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அப்போது அடுக்குகள் சுவருக்கு இணையாகக் கிடப்பதை விட்டுவிட்டுச் செங்குத்தாக எழுந்து நிற்கும். நிமிர்ந்த அடுக்குகளுக்குச் சுவர்த் தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எழுந்து நிற்க, சுவர் இரு பொருள்களையும் ஏறக்குறைய சமமாக ஏற்க வேண்டும். 1997இல் ரஸ்ஸலும் கிரெய்க் ஹாக்கரும் மற்றவர்களும் இதற்கு ஓர் எளிய வழியைக் கண்டார்கள். ஸ்டைரீனையும் மெத்தாக்ரிலேட்டையும் ஒழுங்கில்லாமல் கலந்து கோத்த தொடர்களை, புல்போல் நெருக்கமாகச் சிலிக்கான் பரப்பில் நட்டார்கள். ஸ்டைரீன் சுமார் 60 சதவீதம் இருக்கும்போது பரப்பு இரு பக்கமும் சாயாமல் நடுநிலை பெறுகிறது. இன்று இத்துறையில் நடக்கும் எந்த வேலையும் இந்தப் பரப்புப் பூச்சு இல்லாமல் நடப்பது அரிது.

இனி துளைகளுக்குத் திரும்பலாம். வளைந்த சுவரில் தட்டை அடுக்கு வளையமாவது எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால் வளையத்தின் உட்பக்கத் தொடர்களுக்கு இடம் குறைவு, வெளிப்பக்கத் தொடர்களுக்கு அதிகம். எனவே ஒவ்வொரு வளையத்தின் தடிமனும் சற்றே மாறுபட வேண்டும், மையத்துக்கு அருகே வளைவின் செலவு கடுமையாக ஏறுகிறது. தட்டைச் சுவர்களுக்கிடையே ஒரே பொருத்தப் பிரச்சினைதான் இருந்தது. இங்கே வளைவும் சேர்ந்துகொள்கிறது.

உருளைகளாக அமையும் பாலிமரைத் துளைக்குள் இட்டால் கதை இன்னும் வளமாகிறது. 2004இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் வு, ஸ்டக்கி, ஃபிரெட்ரிக்சன் ஆகியோர் அடங்கிய குழு, மூன்று துண்டுகள் கொண்ட ஒரு பாலிமரைச் சிலிக்காவோடு சேர்த்து அலுமினியம் ஆக்சைடுத் துளைகளுக்குள் ஒழுங்குறச் செய்தது. துளையின் விட்டம் குறையக் குறைய நேர் உருளைகள் மறைந்தன. இரட்டைச் சுருள்களும் ஒற்றைச் சுருள்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அடுத்த ஆண்டு ஆம்ஹர்ஸ்ட் குழு எளிய இருதுண்டு மூலக்கூறிலும் உருளை சுருளாவதைக் காட்டியது. 2006இல் சீனாவின் நன்கை பல்கலைக்கழகத்தையும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள், துளையின் விட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே கணினியில் இதை நடத்திப் பார்த்தார்கள். மையத்தில் ஒரு நேர்கோடு, பிறகு ஒற்றைச் சுருள், இரட்டைச் சுருள், அடுக்கி வைத்த வளையங்கள், அதன்பின் நடுவில் கோடும் சுற்றிலும் சுருளும் என்று வரிசை நீண்டது.

சுருள் ஏன்? இக்கேள்விக்கான விடையில்தான் இத்துறையின் அழகு முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். துளைக்குள் சிறுபான்மைப் பொருளின் கன அளவு நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. மூலக்கூறைச் செய்தபோதே அது முடிவான விஷயம். உருளையின் தடிமனும் ஏறக்குறைய நிர்ணயிக்கப்பட்டது, தொடரின் நீளம் அதைச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் ஒரு குறிப்பிட்ட உயரத் துளைக்குள் இருக்க வேண்டிய உருளையின் மொத்த நீளமும் முடிவாகிவிட்டது. துளை குறுகலாக இருக்கும்போது ஒரு நேர்கோடு அந்த நீளத்துக்குப் போதும். துளை சற்று அகன்றால், துளையின் உயரத்தைப் போல 1.4 மடங்கு நீளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோடுகளை ஒன்று, இரண்டு என முழு எண்ணிக்கையில்தான் வைக்க முடியும். ஒன்று போதாது, இரண்டு அதிகம். ஆனால் கோட்டைச் சுருட்டினால் அதன் நீளம் எந்தப் பின்னத்தையும் எட்டும். சுருள் ஒரு சுற்றில் ஏறும் உயரம் அதன் சுற்றளவுக்குச் சமமானால் நீளம் சரியாக 1.41 மடங்கு. இன்னும் நெருக்கமாகச் சுற்றினால் இன்னும் அதிகம். தட்டைச் சுவர்களுக்கிடையே பொருந்தாமையைத் தீர்க்க நீட்டலும் சுருக்கலும் மட்டுமே இருந்தன. துளைக்குள் வடிவமே அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது, தொடர்கள் அதிகம் விறைக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுத்தது நேர்த்தன்மை, அதற்கு ஈடாகக் காப்பாற்றப்பட்டது இயல்பு இடைவெளி.

இந்தச் சுருளுக்கு இடமா வலமா என்ற திசை உண்டு. ஆனால் மூலக்கூறுக்கு இடவல வேறுபாடு கிடையாது, துளைக்கும் கிடையாது. எனவே இரு வகைச் சுருள்களும் சம வாய்ப்போடு தோன்ற வேண்டும். கைத்தன்மை சிறிதும் இல்லாத பொருள்களிலிருந்து வெறும் நெருக்கத்தாலேயே கைத்தன்மை கொண்ட வடிவம் வருகிறது என்பதை உயிர்வேதியியல் படித்தவர்களும் கவனிக்க வேண்டும். உயிர் மூலக்கூறுகளின் சுருள்களுக்குக் காரணம் தேடும்போது, அவற்றின் கட்டுமான அலகுகளையே எப்போதும் சுட்டுகிறோம். அவை இருக்கும் இடத்தின் வடிவமும் ஒரு காரணமாகலாம்.

கோள வடிவ அடைப்புக்குள் இன்னும் பல வடிவங்கள் கிடைத்துள்ளன. கணினியில் சுவரின் விருப்பத்தையும் துளையின் அளவையும் மாற்றி மாற்றிப் பெற்ற வடிவங்களின் படங்கள் பல கட்டுரைகளில் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயரிடுவதைவிட, எந்தப் பொருந்தாமையை எது தீர்த்தது என்று கேட்பது கூடுதல் பயன் தரும். விட்டத்துக்கும் இயல்பு இடைவெளிக்கும் உள்ள விகிதம் தெரிந்தால், பெரும்பாலான வடிவங்களின் வரிசையை ஊகிக்க முடிகிறது.

இந்த அறிவு யாருக்குத் தேவைப்பட்டது? முதலில் சிப் தயாரிப்பாளர்களுக்கு. 1997இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பார்க், ஹாரிசன், சாய்கின், ரெஜிஸ்டர், ஆடம்சன் ஆகியோர் கோளங்கள் அமைந்த படலத்தை அச்சாக வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 10,000 கோடி துளைகளைப் பொறித்துக் காட்டினார்கள். ஒளியால் அந்த அளவில் வரைய அன்று வழியே இருக்கவில்லை. ஆனால் அந்தத் துளைகள் சிறு சிறு திட்டுகளில் மட்டுமே ஒழுங்காக இருந்தன. திட்டுக்குத் திட்டு வரிசையின் திசை மாறியது. மூலக்கூறுக்குத் தன் இடைவெளி தெரியும், வடக்கு எது என்று தெரியாது. ஒரு சிப்புக்குள் ஒவ்வொரு துளையும் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

திசையைச் சொல்லிக்கொடுத்தது மீண்டும் சுவர்தான். 2001இல் சாண்டா பார்பராவில் ரேச்சல் செகல்மேன், யோகோயாமா, எட்வர்ட் கிரேமர் மூவரும் சிலிக்கானில் ஆழமற்ற தொட்டிகளை வெட்டி அதற்குள் கோளங்களை ஒழுங்குறச் செய்தார்கள். தொட்டியின் விளிம்பு முதல் வரிசையை நேராக்க, அடுத்தடுத்த வரிசைகள் அதைப் பின்பற்றின. 2002இல் தோஷிபாவின் ஆய்வாளர்கள் இதே கருத்தை வட்ட வடிவப் பள்ளங்களில் செய்து காந்தத் தகடு ஒன்றை உருவாக்கினார்கள். 2004இல் எம்ஐடியில் கரோலின் ராஸ் குழு பள்ளத்தின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது. கோள வரிசைகளின் எண்ணிக்கை படிப்படியாகத் தாவியது, இடைவெளி நீண்டும் சுருங்கியும் ஈடுகொடுத்தது. இரு சுவர்களுக்கிடையே பத்தாண்டுக்குமுன் அளந்த அதே விதி இங்கே பக்கவாட்டில் படுத்திருந்தது.

பள்ளம் வெட்டாமலும் அடைக்கலாம். 2003இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பால் நீலி, ஹுவான் டி பாப்லோ குழு தளத்தில் வேதியியல் கோடுகளை மட்டும் வரைந்தது. மேடுபள்ளம் எதுவும் இல்லை. கோடுகளின் இடைவெளி பாலிமரின் இயல்பு இடைவெளியோடு ஒத்தால், அடுக்குகள் அந்தக் கோடுகள் மேலேயே பிசகாமல் எழுந்து நின்றன. 2008இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். நான்கு புள்ளிக்கு ஒரு புள்ளியை மட்டும் தளத்தில் வரைந்தார்கள், மீதி மூன்றைப் பாலிமர் தானே சரியான இடத்தில் நிரப்பியது. வரைந்த புள்ளிகள் சற்றுக் கோணலாக இருந்த இடங்களில்கூடப் பாலிமர் அவற்றின் சராசரியை எடுத்துக்கொண்டு நேராக நின்றது. ஆசிரியர் போட்ட புள்ளியை மாணவர் திருத்திய விதமாக இதைப் பார்த்தவர்கள் உற்சாகப்பட்டதில் வியப்பில்லை.

அந்த உற்சாகத்தில் நிறைய எதிர்பார்க்கப்பட்டது. ஒளிவழி அச்சிடலுக்கே மாற்றாக இது வரும் என்று பேசினார்கள். வரவில்லை. தடையாக நின்றது பிழைகள். சிப் ஆலை எதிர்பார்ப்பது நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பிழை என்ற அளவு. அத்தனை பரப்பில் கோடிக்கணக்கான கோடுகள். ஓர் அடுக்கு பாதியில் முடிந்துபோகும் பிழையை உருவாக்க ஆகும் ஆற்றல் வெப்ப அசைவின் ஆற்றலைப் போலப் பல பத்து மடங்கு. அப்படியானால் சமநிலையில் பிழையே இருக்கக் கூடாது. உண்மையில் இருக்கும் பிழைகள் சமநிலையில் பிறந்தவை அல்ல. ஒழுங்கு பல இடங்களில் ஒரே நேரத்தில் முளைத்து, ஒன்றையொன்று சந்தித்தபோது சிக்கிக்கொண்டவை. அவை கலைந்து சரியாக வேண்டுமானால் தொடர்கள் எதிர்ப்பொருளின் அடுக்கைக் குறுக்கே கடக்க வேண்டும், அந்தத் தடை உயரமானது. மூலக்கூறின் அளவைச் சுருக்க விலக்க எண்ணைக் கூட்ட வேண்டும். விலக்க எண்ணைக் கூட்டினால் இந்தத் தடையும் கூடும். சிறிய அளவுக்கும் பிழையின்மைக்கும் நடுவே இயற்பியல் வைத்திருக்கும் இந்த முரண்பாடு எளிதில் தீராது.

இடைவெளியைச் சுருக்குவதில் இன்னொரு சிக்கலும் வந்தது. ஸ்டைரீன்-மெத்தாக்ரிலேட் இணை 20 நானோமீட்டர் சுற்றுவட்டத்தில் நின்றுவிடுகிறது. அதைவிடச் சிறியதாக வேண்டுமானால் மெத்தாக்ரிலேட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் போன்ற கடுமையாக விலகும் துண்டு வேண்டும். சிலிக்கோனுக்குப் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. காற்றைக் கண்டால் ஓடி மேலே பரவிவிடும், அடுக்குகள் நிமிர்ந்து நிற்க விடாது. 2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிரான்ட் வில்சன், கிறிஸ்டோபர் எலிசன் குழுவினர் சிலிக்கான் சேர்ந்த இத்தகைய பாலிமர்களின் மேற்புறத்திலும் ஒரு நடுநிலைச் சுவரை வைத்து இதைத் தீர்த்தார்கள். பூசும்போது நீரில் கரைந்திருந்து, சூடேற்றியதும் தன் வேதித்தன்மையை மாற்றிக்கொள்ளும் மேற்பூச்சு அது. காற்று என்ற சுவர் ஒத்துழைக்காதபோது வேறு சுவரைச் செய்துகொண்டார்கள்.

இதற்குள் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அச்சிடும் இயந்திரங்கள் ஆலைக்குள் வந்துவிட்டன. 2019இல் அவற்றால் அச்சான சிப்புகள் சந்தைக்கும் வந்தன. போட்டி முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அந்த ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் பழைய 193 நானோமீட்டர் ஃபோட்டானைவிட 14 மடங்கு ஆற்றல் கொண்டது. அதே ஆற்றல் அளவைச் செலுத்தினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை 14இல் ஒரு பங்குதான். எண்ணிக்கை குறைந்தால் ஏற்றத்தாழ்வு கூடும், அச்சான கோட்டின் ஓரம் சொரசொரப்பாகும். அந்தக் கோடுகளையே வழிகாட்டியாக வைத்து மேலே பிளாக் கோபாலிமரைப் பூசினால், அது ஓரங்களின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து நேராக்குகிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் உள்ள ஐமெக் ஆய்வு மையமும் இன்டெல் நிறுவனமும் இந்தத் திருத்தும் பணியில் ஈடுபட்டுள்ளன. ஒளியை விரட்டிவிட்டு மூலக்கூறு தனியே வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே ஆரம்பத்திலிருந்து தவறான இடத்தில் வைக்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஒளிதான் பொருத்தமானது. எவ்வளவு இடைவெளியில் என்பதை மூலக்கூறைவிடத் துல்லியமாகச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் பிலிப் வாங் குழு கம்பியிணைப்புத் துளைகளுக்காகச் செய்த வேலை இதற்கு நல்ல சான்று. ஒளியால் ஒரு சிறு குழி, குழிக்குள் பாலிமர் தானே அமைத்துக்கொள்ளும் ஓர் ஒற்றை உருளை. குழியை நீள்வட்டமாக்கினால் இரண்டு உருளைகள். குழியின் விளிம்பு கொஞ்சம் பிசகினாலும் நடுவில் வரும் துளையின் அளவு பிசகுவதில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சுவர் அசையாதது. சுவரே நெகிழக்கூடியதாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பாலிமரை ஒரு கரைப்பானில் கரைத்து, சோப்பு போன்ற பரப்புப் பொருளின் துணையோடு நீரில் சிறு துளிகளாக்கி, கரைப்பானை மெல்ல ஆவியாக விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு கோள அடைப்பாகிறது. பரப்புப் பொருள் ஒரு துண்டை மட்டும் விரும்பினால் துளிக்குள் ஒன்றையொன்று சூழ்ந்த கோள அடுக்குகள் அமையும். இரு துண்டுகளையும் சமமாக ஏற்கும்படி அதைக் கலந்துகொடுத்தால் அடுக்குகள் துளியின் பரப்பைத் தொட்டுக் குறுக்கே நிற்கும். 2013இல் சாண்டா பார்பராவின் ஹாக்கர், கிரேமர், ஃபிரெட்ரிக்சன் ஆகியோரும் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பம்ஜூன் கிம்மும் சேர்ந்து இப்படிச் செய்தபோது துகள்கள் கோளமாக இருக்கவில்லை. கோடுபோட்ட நீள்வட்ட உருண்டைகளாக நீண்டிருந்தன. கோளத்துக்குள் தட்டை அடுக்குகளைக் குறுக்கே வைத்தால் இரு முனைகளிலும் உள்ள அடுக்குகள் வளைந்தும் நசுங்கியும் கிடக்க வேண்டும். அந்தச் செலவைவிட, துளி தன் பரப்பைச் சற்றுக் கூட்டி நீள்வது மலிவாக முடிந்தது. இந்தத் துகள்களில் ஒரு துண்டு பாலிவினைல்பிரிடின்; அடுத்த ஆண்டு அதன் அடுக்குகளைப் பிணைத்து அமிலத்தில் இட்டார்கள். அந்த அடுக்குகள் மட்டும் ஊத, துகள் நீளவாக்கில் விரிந்தது. சிலிக்கான் தகட்டில் படியாக எழுந்த மேற்பரப்பும் துளியின் பரப்பும் இந்த இடத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆயினும் தகட்டின் படி ஓர் இயல்பு இடைவெளியை மட்டும் காட்டியது. துளியின் நீட்சியிலோ உள்ளே உள்ள அடுக்குகள் அனைத்தின் விறைப்பும் பரப்பின் இழுவிசையும் எடைபோடப்பட்டுக் கிடக்கின்றன. துகளின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாலே அந்த இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம்.